ஒருங்கமை சமன்பாடு: தீர்க்கத் தெரிகிறது, வசனக் கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். எங்கே பிடித்துத் திருத்துவது?

கந்தப்பளை_கணிதம்

தரம் 10 பிள்ளைகளுக்கு ஒருங்கமை சமன்பாட்டை, அதாவது இரண்டு மாறிக்கும் சேர்ந்து பொருந்தவேண்டிய இரண்டு சமன்பாட்டைப் பலகையில் எழுதித் தீர்க்கச் சொன்னால் நீக்கல் முறையில் (கூட்டியோ கழித்தோ ஒரு மாறியை இல்லாமல் செய்து) கடகடவென்று செய்துவிடுகிறார்கள். அதையே வசனமாகக் கொடுத்தால் பேனா நிற்கிறது. அல்லது தப்பான திசையில் ஓடுகிறது.

கீழே இரண்டு வினா. மாறிகளுக்கு இங்கே அ, ஆ என்று போடுகிறேன், தட்டச்சுக்கு வசதி. வகுப்பில் வழக்கம்போல எக்ஸ், வை தான்.

வினா 1: 3 கிலோ கரட்டும் 2 கிலோ லீக்ஸும் 1160 ரூபா. அதே கடையில் 2 கிலோ கரட்டும் 5 கிலோ லீக்ஸும் 1580 ரூபா. ஒவ்வொன்றும் கிலோ என்ன விலை?

வினா 2: கரட் கிலோ 240 ரூபா, லீக்ஸ் கிலோ 220 ரூபா. இரண்டும் சேர்த்து 12 கிலோ வாங்கியவர் 2740 ரூபா கொடுத்தார். ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ?

முதலாவதைச் சரியாகச் செய்த பலர் இரண்டாவதில் விழுந்தார்கள். ஒரு விடைத்தாளில் இப்படி: அ = கரட், ஆ = லீக்ஸ். அ + ஆ = 2740. 240அ + 220ஆ = 12. இன்னொன்றில் சமன்பாடு சரி, தீர்வும் சரி, கடைசி வரி மட்டும் "கரட் 5 ரூபா, லீக்ஸ் 7 ரூபா".

இன்னும் நூறு கணக்கு கொடுத்துப் பழக்குவதா, வேறு வழி இருக்கா?

ஊவா_அட்சரம்

நூறு கணக்கு கொடுத்தால் நூறு தடவை அதே பிழையைப் பழகுவார்கள். கோளாறு முதல் வரியில் இருக்கு.

"அ = கரட்" என்பது ஒரு அர்த்தமும் இல்லாத வரி. கரட் எண் இல்லை. கரட்டின் விலை எண், நிறை எண், எத்தனை கட்டு என்பது எண். வினா 1 இல் அ என்பது ஒரு கிலோ கரட்டின் விலை. வினா 2 இல் அது வாங்கிய கரட்டின் நிறை. இரண்டுக்கும் பிள்ளை ஒரே வரியை எழுதியிருக்கு என்றால், எதைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்றே முடிவெடுக்காமல் இறங்கியிருக்கு.

அப்படியானால் வினா 1 ஏன் சரியாக வந்தது? "3 கரட், 2 லீக்ஸ், 1160" என்று வசனத்தை அப்படியே சுருக்கி எழுதினாலே 3அ + 2ஆ = 1160 ஆகிவிடுகிறது. அது சுருக்கெழுத்து, அட்சரகணிதம் இல்லை. வினா 2 இல் சுருக்கெழுத்து கைகொடுக்காது, அதனால்தான் அங்கே விழுகிறார்கள். உங்கள் வினா 1 பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதைக் காட்டவே இல்லை, சேர்.

முதல் வரியில் மூன்று விஷயம் வரணும்: எந்தக் கணியம், எந்தப் பொருளினது, எந்த அலகில். "வாங்கிய கரட்டின் நிறை அ கிலோ." இந்த வரி இல்லாத விடைத்தாளில் மிச்சத்தைத் திருத்தவே வேண்டாம் என்பேன். கடைசி வரியில் 5 ரூபா என்று எழுதிய பிள்ளையையும் இதுவே காப்பாற்றும். அ கிலோவில் என்று மேலே இருந்தால் கீழே ரூபா எழுதக் கை வராது.

அடுத்தது, சமன்பாட்டின் ஒவ்வொரு உறுப்பையும் அலகு வைத்துப் பார்ப்பது. 240அ என்பது ரூபா/கிலோ × கிலோ, அதாவது ரூபா. 220ஆ அதே மாதிரி ரூபா. ஆகவே வலப்பக்கம் ரூபாதான் வரலாம், 2740. அ + ஆ என்பது கிலோவும் கிலோவும், வலப்பக்கம் 12. பிழையாக எழுதிய அ + ஆ = 2740 இல் கிலோவும் கிலோவும் சேர்ந்து ரூபாவாகிறது. இதைப் பார்க்கக் கணிதமே தேவையில்லை.

பார்க்காமல் தீர்த்தால் என்ன வரும் தெரியுமா? அ = –30139.4. இந்த எண்ணை எழுதிவிட்டு அடியில் கோடும் போட்டுவிட்டுப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஹட்டன்_அக்கா

என் சின்னவனுக்குப் புலமைப்பரிசில் வகுப்பிலயும் இந்த வினா 2 மாதிரி வருது. அவனுக்குச் சமன்பாடு தெரியாது. எப்படிச் சொல்லிக் குடுக்கிறது?

வெலிமடை_பாத்தி

அக்கா, பன்னிரண்டு கிலோவும் லீக்ஸ்னு வச்சுக்கச் சொல்லுங்க. 12 × 220 = 2640. ஆனா குடுத்தது 2740. நூறு ரூபா குறையுது. ஒரு கிலோ லீக்ஸை எடுத்துட்டு ஒரு கிலோ கரட் போட்டா நிறை மாறாது, காசு 20 ரூபா கூடும். நூறு கூடணும்னா அஞ்சு தடவை மாத்தணும். கரட் 5 கிலோ, லீக்ஸ் 7 கிலோ. சரி பார்க்க: 1200 + 1540 = 2740.

கரட் எல்லாம்னு ஆரம்பிச்சாலும் வரும், 2880 இல இருந்து 140 குறைக்கணும், ஏழு தடவை.

ஊவா_அட்சரம்

அதுவும் நீக்கல் முறையேதான். "எல்லாம் லீக்ஸ்" என்பது அ + ஆ = 12 என்ற சமன்பாட்டை 220 ஆல் பெருக்குவது, "நூறு குறையுது" என்பது கழிப்பது, "20" என்பது மிஞ்சுகிற குணகம். மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கும் இதை ஒரு தடவை பக்கத்தில் எழுதிக் காட்டுவது நல்லது. ஏன் கழிக்கிறோம் என்று புரியும்.

ஆனால் சாதாரண தரப் பரீட்சையில் "ஒருங்கமை சமன்பாட்டுச் சோடியொன்றை உருவாக்கித் தீர்க்க" என்று கேட்டால் சமன்பாடு எழுதித்தான் ஆகணும். விடை மட்டும் சரியாக இருந்து பிரயோசனமில்லை, உருவாக்கிய சமன்பாட்டுக்குத்தான் அங்கே பெறுமதி.

மஸ்கெலியா_மாணவி

சேர், எனக்கு ஒரு சந்தேகம். "ஒரு மலையில் கொழுந்து எடுப்பவர்கள் கங்காணிகளைப் போல் 25 மடங்கு. எல்லாருமாக 104 பேர்." நான் கொழுந்து எடுப்பவர் அ, கங்காணி ஆ என்று எடுத்து 25அ = ஆ என்று எழுதினேன். அலகு பார்த்தேன், இரண்டு பக்கமும் ஆட்கள்தான். அப்படியும் பிழை என்கிறார்கள்.

கந்தப்பளை_கணிதம்

நல்ல கேள்வி தங்கச்சி. அலகுச் சோதனை பிடிக்காத பிழை இதுதான். "கொழுந்து எடுப்பவர்... 25" என்று வசனத்தில் பக்கத்தில் நிற்பதால் 25 ஐ அ வோடு ஒட்டிவிட்டீர்கள். தீர்த்துப் பாருங்கள்: அ + 25அ = 104, அ = 4, ஆ = 100. நாலு பேர் கொழுந்து எடுக்க நூறு கங்காணி!

எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தப் பக்கம் பெரிசு? கொழுந்து எடுப்பவர்கள்தான் அதிகம். கங்காணி எண்ணிக்கை சிறிசு. சிறிசை 25 ஆல் பெருக்கினால்தான் பெரிசுக்குச் சமமாகும். ஆகவே அ = 25ஆ. 26ஆ = 104, ஆ = 4, அ = 100.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள். கங்காணி 2 என்றால் கொழுந்து எடுப்பவர் 50. எந்தச் சமன்பாட்டில் 2 உம் 50 உம் பொருந்துகிறது?

வெலிமடை_பாத்தி

"விட 25 அதிகம்", "25 மடங்கு" இரண்டையும் குழப்புறதும் உண்டு. முதலாவது கூட்டல், மற்றது பெருக்கல். கேள்வித்தாள்ல ரெண்டும் ஒரே பந்தியில வந்துச்சுன்னா பிள்ளைகளுக்குத் திண்டாட்டம்தான்.

ஊவா_அட்சரம்

எழுத்தைப் பற்றி ஒன்று. கரட்டுக்கு க, லீக்ஸுக்கு ல என்று பொருளின் முதல் எழுத்தையே மாறியாக வைக்கச் சொல்கிற பழக்கம் டியூஷன் வகுப்புகளில் இருக்கு. ஞாபகம் வைக்க லேசு என்று சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. க என்று எழுதின உடனே அது கரட் ஆகிவிடுகிறது, கரட்டின் விலையாகவோ நிறையாகவோ இருக்காது. சம்பந்தமில்லாத எழுத்து இருந்தால்தான் பிள்ளை திரும்பிப் போய் "இது என்ன?" என்று முதல் வரியைப் பார்க்கும்.

கந்தப்பளை_கணிதம்

ஆரம்பத்தில் அப்படியே செய்யலாம். ஆனால் வேகம், தூரம், நேரம் மூன்றும் வருகிற கணக்கில் சம்பந்தமில்லாத எழுத்துப் போட்டால் பாதி வழியில் எது எது என்று தெரியாமல் போகிறது. முதல் வரி ஒழுங்காக இருந்தால் எந்த எழுத்தும் பரவாயில்லை என்பது என் கருத்து.

அந்த வகையில் ஒரு கணக்கு. நம்ம பக்கத்துப் பாதைக்கென்றே செய்தது போல இருக்கும்.

வினா 3: வீட்டிலிருந்து பாடசாலைக்குப் போகிற பாதையில் ஏற்றமும் இறக்கமும் மட்டும்தான், சமதரை இல்லை. ஏற்றத்தில் மணிக்கு 3 கிலோமீற்றர், இறக்கத்தில் மணிக்கு 5 கிலோமீற்றர் நடந்தால் போக 72 நிமிடம், அதே பாதையில் திரும்பி வர 56 நிமிடம். போகும்போது ஏறுகிற தூரம் எவ்வளவு, இறங்குகிற தூரம் எவ்வளவு?

மஸ்கெலியா_மாணவி

போகும்போது ஏறும் தூரம் அ கிலோமீற்றர், இறங்கும் தூரம் ஆ கிலோமீற்றர்.
போக: அ/3 + ஆ/5 = 72
திரும்ப: ஆ/3 + அ/5 = 56
15 ஆல் பெருக்கினேன். 5அ + 3ஆ = 1080, 3அ + 5ஆ = 840. அதுக்குப் பிறகு எண் பெரிசாகப் போகுது, நிறுத்திட்டேன்.

ஊவா_அட்சரம்

திரும்பும்போது ஏற்றமும் இறக்கமும் இடம் மாறுவதைப் பிடித்திருக்கிறீர்கள், பலர் விடுவது அதைத்தான். முதல் வரியும் சரி. நின்றதும் சரியான இடத்தில்.

அலகு பாருங்கள். அ/3 என்பது கிலோமீற்றரை மணிக்குக் கிலோமீற்றரால் வகுத்தது, அதாவது மணி. வலப்பக்கம் 72 நிமிடம். இப்படியே போனால் அ + ஆ = 240 வரும். அந்தப் பிள்ளை கந்தப்பளையில் இருந்து கிளம்பினால் கொழும்பு தாண்டிக் கடலில் நிற்கும்.

72 நிமிடம் = 6/5 மணி. 56 நிமிடம் = 14/15 மணி. 15 ஆல் பெருக்கினால்:
5அ + 3ஆ = 18 ... (1)
3அ + 5ஆ = 14 ... (2)

இங்கே குணகங்கள் இடம் மாறி நிற்கின்றன. இந்த மாதிரிச் சோடியில் பெருக்கித் திண்டாடத் தேவையில்லை. கூட்டுங்கள்: 8அ + 8ஆ = 32, அ + ஆ = 4. கழியுங்கள்: 2அ – 2ஆ = 4, அ – ஆ = 2. ஆகவே அ = 3, ஆ = 1.

வசனத்தில் வைத்துப் பாருங்கள். போக: 3 கிலோமீற்றர் ஏற ஒரு மணி, 1 கிலோமீற்றர் இறங்க 12 நிமிடம், மொத்தம் 72. திரும்ப: 1 கிலோமீற்றர் ஏற 20 நிமிடம், 3 கிலோமீற்றர் இறங்க 36 நிமிடம், மொத்தம் 56.

"1 மணி 12 நிமிடம்" என்று கொடுத்தால் அதை 1.12 மணி என்று எழுதுவது இன்னொரு வியாதி. 12/60 = 0.2, ஆகவே 1.2 மணி.

கந்தப்பளை_கணிதம்

நீங்கள் கடைசியில் செய்ததை அழுத்திச் சொல்லணும். பிள்ளைகள் சரிபார்ப்பது என்று சொல்லி, கிடைத்த விடையைச் சமன்பாடு (1) இல் போட்டு "இ.ப. = வ.ப." (இடப்பக்கம் = வலப்பக்கம்) என்று எழுதுகிறார்கள். பெரும்பாலும் ஆ வைக் கண்டுபிடிக்க அதே (1) ஐத்தான் பாவித்திருப்பார்கள், அதில் போட்டால் பொருந்தத்தானே செய்யும். குறைந்தது (2) இலாவது போடணும். அதுகூட நீக்கலில் விட்ட பிழையைத்தான் காட்டும். சமன்பாட்டையே தப்பாக எழுதியிருந்தால் தப்பான விடை அதில் அழகாகப் பொருந்தும். வினாவின் வசனத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

டீமேக்கர்_தலவாக்கலை

நான் வாத்தியார் இல்ல, பெக்டரி ஆள். ஆனா இந்த மாதிரிக் கணக்கு எங்களுக்கும் இருக்கு. பச்சைக் கொழுந்து ஏறக்குறைய நாலரைக் கிலோவுக்கு ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். கொழுந்துல தண்ணி கூடினா அந்த வீதம் குறையும். இப்படி ஒரு கணக்கு போடலாமே:

காய்ஞ்ச கொழுந்துல 22 சதவீதம் தேயிலை வரும், மழைக் கொழுந்துல 20 சதவீதம். ஒரு நாள் மொத்தம் 6000 கிலோ கொழுந்து வந்து 1270 கிலோ தேயிலை கிடைச்சுது. மழைக் கொழுந்து எவ்வளவு?

வெலிமடை_பாத்தி

காய்ஞ்சது அ கிலோ, மழைக் கொழுந்து ஆ கிலோ.
அ + ஆ = 6000
0.22அ + 0.20ஆ = 1270
முதலாவதை 0.20 ஆல் பெருக்கினா 0.20அ + 0.20ஆ = 1200. கழிச்சா 0.02அ = 70, அ = 3500. மழைக் கொழுந்து 2500 கிலோ.
770 + 500 = 1270. சரி.

உரத்துலயும் இதேதான் அண்ணே. யூரியாவில நைதரசன் 46 சதவீதம், அமோனியம் சல்பேட்டுல 21 சதவீதம். 31 சதவீதம் வாறமாதிரி 250 கிலோ கலவை வேணும்னா:
அ + ஆ = 250
0.46அ + 0.21ஆ = 0.31 × 250 = 77.5
அ = 100, ஆ = 150. ஐம்பது கிலோ மூட்டையில ரெண்டு யூரியா, மூணு சல்பேட்.

ஊவா_அட்சரம்

உரக் கணக்கை எல்லாரும் 100 கிலோ கலவைக்குப் போடுகிறார்கள், 250 போட்டது புத்தி. 100 கிலோ என்றால் 31 சதவீதமும் 31 கிலோவும் ஒரே எண், பிள்ளை எதை எழுதினாலும் சரியாகத் தெரியும். 250 என்றால் 0.46அ + 0.21ஆ = 31 என்று எழுதின பிள்ளைக்கு அ = –86 வரும், கையும் களவுமாகப் பிடிபடும். சதவீதத்தைச் சதவீதத்தோடு கூட்டக் கூடாது, நைதரசன் கிலோவை நைதரசன் கிலோவோடுதான் கூட்டலாம்.

இன்னொரு சோதனை, எழுதுவதற்கு முன்னமே செய்யலாம். கலவையின் வீதம் 21 க்கும் 46 க்கும் நடுவில்தான் இருக்க முடியும். 31 என்பது 21 க்குக் கிட்ட, அதனால் சல்பேட் கூடணும். தூரங்கள் 10 உம் 15 உம், விகிதம் 2 : 3. விடை முன்கூட்டியே தெரிகிறது.

கந்தப்பளை_கணிதம்

டீமேக்கர் அண்ணா, கணக்கு பரீட்சைக்கு அருமையாக இருக்கு. ஆனால் பெக்டரியில் உண்மையிலேயே இப்படிக் கண்டுபிடிக்க முடியுமா? 0.02 என்பது ரொம்பச் சின்ன வித்தியாசம். 1270 க்குப் பதில் 1280 என்று வைத்துத் தீர்த்தால் 0.02அ = 80, அ = 4000. தேயிலை நிறையில் 10 கிலோ தவறினால் மழைக் கொழுந்து 2500 இலிருந்து 2000 ஆகிவிடுகிறது.

டீமேக்கர்_தலவாக்கலை

முடியாது சேர். யாரும் அப்படிக் கண்டுபிடிக்கிறதும் இல்ல. ஈரக் கொழுந்துக்கு நிறுக்கிற இடத்துலயே தண்ணிக்குன்னு கழிச்சிருவாங்க. 22, 20 எல்லாம் அவ்வளவு திட்டமா சொல்லவும் ஏலாது, கொழுந்தோட தரத்தையும் வாட்டினதையும் பொறுத்து ஆடும். 22 இல்லாம 21.8 னு வச்சா?

ஊவா_அட்சரம்

0.018அ = 70, அ = 3889 க்குக் கிட்ட. வீதத்தில் 0.2 ஆட, விடையில் கிட்டத்தட்ட 400 கிலோ ஆடுகிறது.

வரைபில் பார்த்தால் காரணம் புரியும். இரண்டு கோட்டின் படித்திறனும் (சாய்வு) –1, –1.1. ஏறக்குறைய சமாந்தரம். இரண்டு தண்டவாளம் தூரத்தில் போய்ச் சேர்கிற மாதிரித் தோன்றுமே, அப்படிச் சாய்வு ஏறக்குறைய ஒன்றான கோடுகள் வெட்டுகிற இடத்தைப் பென்சிலால் குறிக்கவே முடியாது. ஒரு கோட்டை மயிரிழை தள்ளினால் வெட்டுப்புள்ளி வெகுதூரம் ஓடும். எண்கள் திட்டமாகக் கொடுக்கப்பட்ட பரீட்சைத்தாளில் இது பிரச்சினை இல்லை. அளந்து எடுத்த எண்ணில் இதுதான் பிரச்சினையே.

வினா தயாரிக்கிறவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கு. குணகங்களைக் குறுக்கே பெருக்கிக் கழித்துப் பாருங்கள். வினா 1 இல் 3 × 5 – 2 × 2 = 11. பூச்சியம் வந்தால் வினாவே இல்லை. "2 கிலோ கிழங்கும் 3 கிலோ கோவாவும் 760 ரூபா, 4 கிலோ கிழங்கும் 6 கிலோ கோவாவும் 1520 ரூபா" என்றால் இரண்டாவது வசனம் முதலாவதையே இரட்டிப்பாகச் சொல்கிறது, விடை எத்தனையோ இருக்கும். 1520 க்குப் பதில் 1500 என்று போட்டால் விடையே இருக்காது. அவசரத்தில் எண்ணை மாற்றுகிற தவணைப் பரீட்சைத் தாள்களில் இது நடக்கிறது. விடையை முதலில் தீர்மானித்துவிட்டு அதிலிருந்து பின்னோக்கி வினா எழுதுவதே பாதுகாப்பு.

ஹட்டன்_அக்கா

பெரியவள் கொப்பில வயசுக் கணக்கு ஒன்னு. "5 வருடத்துக்கு முன் தாயின் வயது மகளின் வயதைப் போல் 4 மடங்கு. 9 வருடத்துக்குப் பின் 2 மடங்காகும்." அவளுக்கு ரெண்டு பேர் வயசும் 0 னு வருது. மூணு தடவை செஞ்சும் அதேதான்.

கந்தப்பளை_கணிதம்

அடைப்புக்குறி விடுபட்டிருக்கும் அக்கா, பார்க்காமலே சொல்லலாம். அம்மா அ, மகள் ஆ என்று எடுத்து அ – 5 = 4ஆ – 5 என்றும் அ + 9 = 2ஆ + 9 என்றும் எழுதியிருப்பா. அப்படி எழுதினால் இரண்டு பக்கமும் 5 உம் 9 உம் வெட்டுப்பட்டு அ = 4ஆ, அ = 2ஆ ஆகும். இரண்டும் பொருந்துவது 0 க்கு மட்டும்தான்.

முதலில் வயதை ஒரு கட்டத்தில் எழுதச் சொல்லுங்க:
இப்போது: அம்மா அ, மகள் ஆ
5 வருடம் முன்: அ – 5, ஆ – 5
9 வருடம் பின்: அ + 9, ஆ + 9

பிறகு மடங்கு. மடங்கு என்பது அந்த வரியில் உள்ள முழு வயதுக்கும்: அ – 5 = 4(ஆ – 5), அ + 9 = 2(ஆ + 9). விரித்தால் அ = 4ஆ – 15, அ = 2ஆ + 9. இரண்டும் அ வுக்குச் சமம், ஆகவே 4ஆ – 15 = 2ஆ + 9, ஆ = 12, அ = 33. அன்றைக்கு 28 உம் 7 உம், பிறகு 42 உம் 21 உம்.

இந்த மாதிரி அ தனியாக வந்துவிட்டால் பிரதியிடல்தான் (அதை மற்றச் சமன்பாட்டில் அ இருக்கிற இடத்தில் போடுவதுதான்) சுருக்கம். நீக்கலுக்கு ஒழுங்குபடுத்தப் போய்க் குறியைத் தொலைக்க வேண்டாம்.

மஸ்கெலியா_மாணவி

நீக்கல்ல எனக்குக் குறிதான் பிழைக்குது சேர். 5அ – 3ஆ = 9, 5அ + 2ஆ = 44. கழிச்சா –ஆ = –35 வந்தது, ஆ = 35. பொருந்தல.

ஊவா_அட்சரம்

–3ஆ இலிருந்து +2ஆ வைக் கழித்தால் –5ஆ. நீங்கள் கூட்டிவிட்டீர்கள். –5ஆ = –35, ஆ = 7, அ = 6. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்திருந்தால் 2ஆ – (–3ஆ) = 5ஆ = 35 என்று நேராக வந்திருக்கும். கழிக்கவே பயம் என்றால் முதலாவதை முழுக்க –1 ஆல் பெருக்கி எழுதிவிட்டுக் கூட்டுங்கள். ஒரு வரி கூடும், பரவாயில்லை.

பெருக்கும்போது வலப்பக்கத்தைப் பெருக்க மறப்பதும் இதே குடும்பம்தான்.

டீமேக்கர்_தலவாக்கலை

சம்பளக் கணக்கு ஒன்னு போடுங்க சேர், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு விளங்கும்.

கந்தப்பளை_கணிதம்

எண்கள் வினாவுக்காக எடுத்தவை. ஒருவர் ஒரு மாதம் 22 நாள் பேர் போட்டு (வேலை செய்து), 64 கிலோ மேல்கொழுந்து (நாள் அளவுக்கு மேல் எடுக்கிற கொழுந்து) எடுத்துக் கழிவுக்கு முன் 32,900 ரூபா. அடுத்த மாதம் 18 நாள், 110 கிலோ, 29,800 ரூபா. நாள் சம்பளம் அ ரூபா, மேல்கொழுந்து கிலோவுக்கு ஆ ரூபா.

22அ + 64ஆ = 32900
18அ + 110ஆ = 29800

முதல் வேலை இரண்டையும் 2 ஆல் வகுப்பது: 11அ + 32ஆ = 16450, 9அ + 55ஆ = 14900. இதைச் செய்யாமல் நேரே பெருக்கப் போனால் இன்னும் பெரிய எண்களோடு மல்லுக்கட்டணும். பிறகு அ வை நீக்க 9 ஆலும் 11 ஆலும்: 99அ + 288ஆ = 148050, 99அ + 605ஆ = 163900. கழித்தால் 317ஆ = 15850, ஆ = 50. அ = (16450 – 1600) ÷ 11 = 1350.

"கழிவுக்கு முன்" என்ற சொல் வினாவில் கட்டாயம் இருக்கணும். சம்பளச் சீட்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம் கழிவதைப் பிள்ளைகள் வீட்டில் பார்த்திருப்பார்கள். கைக்கு வந்த காசா, கணக்கில் விழுந்த காசா என்று கேட்பார்கள், கேட்கவும் வேணும்.

பஸ் டிக்கெட்டிலும் ஒன்று தயாரித்திருக்கிறேன்: 2 முழு டிக்கெட்டும் 3 அரை டிக்கெட்டும் 350 ரூபா, 4 முழுவும் 1 அரையும் 460 ரூபா. நாளைக்கு வகுப்பில் கொடுக்கலாம்தானே?

வெலிமடை_பாத்தி

அரை டிக்கெட்னா முழுசில பாதிதானே சேர்? அப்ப முதல் வசனமே போதும். மூணு அரைன்னா ஒன்றரை முழு. மூன்றரை முழு டிக்கெட் 350, ஒன்னு 100. ரெண்டாவதுல 450 வரணும், நீங்க 460 போட்டிருக்கீங்க.

ஊவா_அட்சரம்

அவர் சொல்வது சரி. உங்கள் சோடியை அப்படியே தீர்த்தால் முழு 103, அரை 48. வினாவில் எழுதாத மூன்றாவது தகவல் ஒன்று ஊருக்கே தெரிந்திருக்கு. பஸ்ஸில் போகிற பிள்ளை அதைப் பாவிக்கும், விடை முரண்படும், பிள்ளை தன்னில் பிழை என்று நினைக்கும். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பொருளாக எடுங்கள்.

கந்தப்பளை_கணிதம்

டிக்கெட்டைத் தூக்கிவிட்டேன். 2 வடையும் 3 பிளேன்டீயும் 310 ரூபா, 4 வடையும் 1 பிளேன்டீயும் 370 ரூபா. குறுக்குப் பெருக்கம் 2 × 1 – 3 × 4 = –10, பூச்சியம் இல்லை. வடை 80, பிளேன்டீ 50.

மஸ்கெலியா_மாணவி

விடையையும் சேர்த்தே போட்டுட்டீங்க சேர்.